ஆட்ஆன் போட்டதும் சிமுலேட்டர் படுத்துவிட்டால்

ஆட்ஆன் என்பது ஃப்ளைட் சிமுலேட்டரில் நாம் கூடுதலாகப் போடும் விமானம், அல்லது சீனரி எனப்படும் ஊர், விமான நிலையக் காட்சி. அதைப் போட்டதும் சிமுலேட்டர் படுத்துவிட்டால் முதல் வேலை, சிமுலேட்டரை அன்இன்ஸ்டால் செய்யாமல் இருப்பது. புதிதாக வருபவர்கள் பலரும் அங்கேதான் கை வைக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்புக்கு 150 ஜிபி இடம் வேண்டும். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் அத்தனையையும் மறுபடி இறக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் மாத டேட்டா அளவு தீர்ந்து வேகம் குறைந்தால் நாள் கணக்கு. இவ்வளவு பாடுபட்டு முடித்துவிட்டு அதே ஆட்ஆனைத் திரும்பப் போட்டால், அதே கோளாறு திரும்ப வந்து நிற்கும். ஆட்ஆன்கள் தனி டிரைவில் கிடந்தால் இன்னும் மோசம்: அன்இன்ஸ்டால் அவற்றைத் தொடாமலே விட்டுவிடக் கூடும்.

இங்கே சொல்வது விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்டின் 2020, 2024 பதிப்புகளையோ, எக்ஸ்-பிளேன் 12 என்ற இன்னொரு சிமுலேட்டரையோ வைத்திருப்பவர்களுக்கு. எக்ஸ்பாக்ஸில் பறப்பவர்களுக்குச் செய்ய அதிகமில்லை. மார்க்கெட்பிளேஸ் என்ற சிமுலேட்டரின் சொந்தக் கடையில் வாங்கியதை சிமுலேட்டருக்குள்ளேயே அழித்துவிட்டு மறுபடி இறக்கிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

எப்போது விழுகிறது?

விழுவது என்று இங்கே சொல்வது விமானத்தை அல்ல, சிமுலேட்டர் தானாக மூடிக்கொள்ளும் கிராஷை. கோளாறு வரும் நேரமே பாதி விடை. மெயின் மெனு வருவதற்கு முன்பே, லோடிங் கோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே சிமுலேட்டர் மூடிக்கொண்டால், ஏதோ ஒரு பேக்கேஜை, அதாவது ஆட்ஆனின் ஃபைல் தொகுப்பை, அதனால் படிக்க முடியவில்லை என்று பொருள். அது நீங்கள் பறக்கப்போகும் விமானமாகவோ ஊராகவோ இருக்க வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே எல்லாப் பேக்கேஜ்களின் பட்டியலையும் அது வாசிப்பதால், மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கும் ஏதோ ஒன்றுகூடக் காலை வாரலாம். மெனு வந்து, பறக்கும் பட்டனை அழுத்திய பிறகு லோடிங் பாதியில் நின்றால், தேர்ந்தெடுத்த விமானம் அல்லது கிளம்பும் ஊரின் சீனரி. பறந்துகொண்டிருக்கும்போது விழுந்தால்தான் கொஞ்சம் மண்டையைக் குடைய வேண்டும்.

அதற்கும் ஒரு சுருக்கு வழி உண்டு. கோவையிலிருந்து எந்த விமானத்தில் கிளம்பினாலும் நீலகிரியை நெருங்கும்போது விழுகிறதா? அந்தப் பக்கத்துச் சீனரியைச் சந்தேகியுங்கள். எங்கே பறந்தாலும் முக்கால் மணி நேரம் ஆனதும் விழுகிறதா? சூடு, அல்லது கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் மெல்ல மெல்ல நிரம்புவது. இடமும் நேரமும் பிடிபடாமல் கண்டபடி விழுந்தால் ரேம், கரண்ட், கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் மூன்றையும் பாருங்கள். எல்லா நேரமும் பலிக்கும் விதி இல்லை இது; ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று காட்டிவிடும்.

இன்னொரு ரகம், எதுவும் விழாமல் ஆட்ஆன் மட்டும் கண்ணில் படாமல் போவது. பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. கீழே வருகிறது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு" என்றால், நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. நீங்கள் மாற்றியிருக்க வேண்டியதில்லை. ஸ்டீமும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரும் சிமுலேட்டரைத் தாமாகவே அப்டேட் செய்கின்றன. விண்டோஸ் தானாக அப்டேட் ஆகிறது. சில விமானங்களின் இன்ஸ்டாலர் கேட்காமலே புதிய பதிப்பை இறக்கிவிடுகிறது. இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். சிமுலேட்டருக்குப் பெரிய அப்டேட் வந்த வாரத்தில் ஆட்ஆன் செத்துப்போனால், நோண்டுவதைவிட அதைச் செய்தவர் புதிய பதிப்பு வெளியிட்டிருக்கிறாரா என்று பார்ப்பதுதான் சரியான சிகிச்சை.

ஒரே சோதனைப் பறப்பு

ஒவ்வொரு முறையும் வேறு விமானம், வேறு ஊர், வேறு வானிலை என்று சோதித்தால் எதுவும் பிடிபடாது. ஒரு பறப்பை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். கோவை விமான நிலையம், அதன் குறியீடு வி ஓ சி பி. சிமுலேட்டரோடு வந்த செஸ்னா 172. நண்பகல், தெளிவான வானம். லைவ் வெதர், லைவ் டிராஃபிக் இரண்டும் அணைந்திருக்கட்டும். ஓடுபாதை 05-இல் கிளம்பி வடகிழக்கே சேலம் நோக்கிப் பத்து நிமிடம் பறந்தால் போதும். கோவையிலிருந்து சேலம் நேர்கோட்டில் சுமார் 75 நாட்டிக்கல் மைல்; பவானி பக்கம் காவிரியைத் தாண்டிப் போகும். நீண்ட சோதனை தேவைப்படும்போது, அதாவது சூட்டைச் சந்தேகிக்கும்போது, சேலம் வரை முழுதாகப் போங்கள்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் கிளம்பும் முன் ஓடுபாதையில் நின்றபடி பி கீயை (ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து) ஒருமுறை அழுத்துங்கள். உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்துக்குச் சரியாகி 1,300 அடியை ஒட்டிக் காட்ட வேண்டும். விமான நிலையம் இருக்கும் பீளமேடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். இதில் நூற்றுக்கணக்கான அடி வித்தியாசம் வந்தால் சீனரியின் உயரத் தரவு குழம்பியிருக்கிறது.

ஆட்ஆன் கண்ணில் படவில்லை

2020, 2024 இரண்டிலும் வெளியிலிருந்து போடும் ஆட்ஆன்கள் கம்யூனிட்டி என்ற ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதுதான் புதியவர்களின் முதல் ரோதனை, ஏனென்றால் ஸ்டீமில் வாங்கியவருக்கு ஓரிடம், ஸ்டோரில் வாங்கியவருக்கு வேறிடம், இன்ஸ்டால் செய்யும்போது டிரைவை மாற்றியவருக்கு இன்னோரிடம். தேடி அலைய வேண்டாம். 2020-இல் ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர்ஸ் பக்கத்துக்குப் போய் டெவலப்பர் மோடை ஆன் செய்யுங்கள். மேலே ஒரு மெனு வரும். அதில் டூல்ஸ், அதற்குள் வர்ச்சுவல் ஃபைல் சிஸ்டம், அதற்குள் பேக்கேஜஸ் ஃபோல்டர்ஸ், அதற்குள் கம்யூனிட்டி ஃபோல்டரைத் திறக்கும் வரி. சிமுலேட்டர் திறக்கவே மாட்டேன் என்றால் யூசர்சிஎஃப்ஜி.ஆப்ட் என்ற ஃபைலைத் தேடி நோட்பேடில் திறங்கள். இன்ஸ்டால்டு பேக்கேஜஸ் பாத் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அந்த முகவரிக்குள்தான் கம்யூனிட்டி.

இப்போது உங்கள் ஆட்ஆனின் ஃபோல்டரைத் திறங்கள். திறந்தவுடனே, முதல் அடுக்கிலேயே, மேனிஃபெஸ்ட்.ஜேசன், லேஅவுட்.ஜேசன் என்று இரண்டு ஃபைல்கள் தெரிய வேண்டும். தெரியவில்லையா? உள்ளே அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள்தான் அவை. ஜிப்பை விரிக்கும்போது விண்டோஸ் தானாக ஒரு உறை போட்டுவிடுவதால் வருவது இது. உள்ளே இருக்கும் ஃபோல்டரை வெளியே எடுத்து நேராகக் கம்யூனிட்டிக்குள் வையுங்கள். ஜிப்பை விரிக்காமலே போட்டாலும் சிமுலேட்டர் கண்டுகொள்ளாது. ஒரே ஜிப்பில் இரண்டு மூன்று ஃபோல்டர்கள் வருவதும் உண்டு: ஒன்று ஊர், இன்னொன்று அதன் கட்டடங்களுக்கான லைப்ரரி. இரண்டையும் போட வேண்டும். ரீட்மீ ஃபைலைப் படிக்காதவர்கள் ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் கட்டடமே இல்லாத வெறும் தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

லேஅவுட்.ஜேசன் என்பது சரக்கு லாரியின் பில் மாதிரி. பேக்கேஜில் உள்ள ஒவ்வொரு ஃபைலின் பெயரும் அளவும் தேதியும் அதில் இருக்கும். பில்லில் இல்லாத மூட்டையை சிமுலேட்டர் இறக்கிக்கொள்ளாது. ஆகவே ஒரு பேக்கேஜுக்குள் நீங்களாக ஒரு பெயின்ட்டையோ (விமானத்தின் வண்ணத் தோற்றம்) டெக்ஸ்சரையோ (மேற்பரப்புப் படம்) சேர்த்துவிட்டு, வரவில்லையே என்று காத்திருந்தால் வராது. லேஅவுட் ஜெனரேட்டர் என்ற சிறிய இலவசக் கருவி உண்டு. அந்த ஜேசன் ஃபைலை அதன் மேல் இழுத்துப் போட்டால் பட்டியலைப் புதிதாக எழுதிவிடும்.

எல்லாம் இடத்தில் இருந்தும் வரவில்லை என்றால் மூன்று சந்தேகங்கள். ஒன்று, முகவரியின் நீளம். விண்டோஸில் ஒரு ஃபைலின் முழு முகவரி 260 எழுத்துகளைத் தாண்டினால் பல கருவிகள் தடுமாறும். ஸ்டோர் பதிப்பின் முகவரி ஏற்கெனவே மிக நீளம். அதற்குள் சில சீனரிகள் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கி வைத்திருக்கும். விரிக்கும்போதே சில ஃபைல்கள் சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். பேக்கேஜுகளை டி டிரைவில் குட்டிப் பெயருள்ள ஒரு ஃபோல்டருக்கு மாற்றுவது நிலையான தீர்வு. இரண்டு, விண்டோஸின் வைரஸ் காவலன். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து புரொடெக்ஷன் ஹிஸ்டரியைப் பாருங்கள். ஆட்ஆனின் டிஎல்எல் என்ற நிரல் ஃபைல் அங்கே கைதாகி உட்கார்ந்திருக்கலாம். செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் விடுவியுங்கள். திருட்டுப் பிரதி என்றால் காவலன் சொல்வதைக் கேட்பதே நல்லது. மொத்தமாக வைரஸ் பாதுகாப்பை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்லும் அறிவுரையை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

மூன்றாவது நமக்கே உரியது. விண்டோஸ் கணக்கைத் தொடங்கும்போது பெயரைத் தமிழில் தட்டியிருந்தால், யூசர்ஸ் ஃபோல்டரின் பெயரும் தமிழிலேயே அமைந்திருக்கும். சிமுலேட்டர் அதைப் பொறுத்துக்கொண்டாலும் சில இன்ஸ்டாலர்களும் துணைக் கருவிகளும் அந்த முகவரியைப் படிக்கத் தெரியாமல் விழுகின்றன. பின்னால் கணக்கின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆங்கிலப் பெயரில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கி அதில் சிமுலேட்டரை ஓட்டுவதுதான் தலைவலி குறைந்த வழி.

பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது

சிமுலேட்டர் விழுகிறது, எந்த ஆட்ஆன் என்று தெரியவில்லை. கிராஷுக்குப் பிறகு மறுபடி திறக்கும்போது சேஃப் மோடில் திறக்கவா, வழக்கம்போல் திறக்கவா என்று கேட்கும். சேஃப் மோடைத் தேர்ந்தெடுத்தால் பிறர் செய்த பேக்கேஜுகளை ஏற்றாமல் திறக்கும். அதே சோதனைப் பறப்பை ஓட்டுங்கள். இப்போதும் விழுந்தால் பழி ஆட்ஆன் மேல் இல்லை. டிரைவர், சூடு, கரண்ட் பக்கம் போங்கள். விழவில்லை என்றால் குற்றவாளி ஆட்ஆன்களுக்குள்தான் இருக்கிறது. அவனைப் பிடிக்கும் முறை:

1. சிமுலேட்டரை மூடுங்கள். கம்யூனிட்டியின் பெயரைக் கம்யூனிட்டி பழையது என்று மாற்றுங்கள். அதே இடத்தில் கம்யூனிட்டி என்று பழைய பெயரிலேயே காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்குங்கள். ஆங்கில எழுத்தில், ஒரு எழுத்தும் பிசகாமல்.

2. பழையதிலிருந்து பாதியை மட்டும் புதியதற்குள் நகர்த்துங்கள். காப்பி வேண்டாம், நகர்த்தினால் அதே டிரைவுக்குள் ஒரு நொடி வேலை, காப்பி என்றால் டீ குடித்துவிட்டு வரலாம்.

3. சோதனைப் பறப்பு. விழுந்தால் குற்றவாளி இந்தப் பாதியில். விழாவிட்டால் அந்தப் பாதியில்.

4. குற்றவாளி இருக்கும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள்.

40 ஆட்ஆன் இருந்தால் 20, 10, 5, 3, 2, 1 என்று ஆறே சுற்றில் பிடிபட்டுவிடும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் 40 சுற்றுவரை போகலாம். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கும் ஒரு நாளுக்கும் உள்ள வித்தியாசம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு ஆட்ஆன்கள் தனித்தனியே நல்ல பிள்ளைகளாக இருந்து, சேர்ந்தால் மட்டும் சண்டை போடும். விசேஷ வீட்டுக்கு வந்த ஒறம்பரையில் இப்படி இரண்டு பேர் எப்போதும் உண்டு. பாதியாகப் பிரித்ததும் இரண்டு பாதியிலும் கோளாறு காணாமல் போனால் இதுதான் காரணம். அப்போது முதல் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டாம் பாதியிலிருந்து நான்கு நான்காகச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். விழ ஆரம்பிக்கும் இடத்தில் ஒருவர் அகப்படுவார். அவரை மட்டும் வைத்துக்கொண்டு முதல் பாதியை மறுபடி பிரித்தால் மற்றவரும் அகப்படுவார்.

ஆட்ஆன் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஆட்ஆன்ஸ் லிங்கர் என்ற இலவசக் கருவி வசதி. பேக்கேஜுகளை வேறு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, கம்யூனிட்டிக்குள் இணைப்பை மட்டும் போடும். ஒரு டிக்கை எடுத்தால் ஆட்ஆன் மறையும், வைத்தால் வரும். மேலே சொன்ன நகர்த்தல் வேலையே மிச்சம்.

மார்க்கெட்பிளேஸில் வாங்கியவை கம்யூனிட்டியில் இருக்காது. கன்டென்ட் மேனேஜரில் தேடி, அழித்து, மறுபடி இறக்குங்கள். அவற்றின் ஃபைல்களைக் கையால் நோண்ட வேண்டாம்.

சீனரியின் சேட்டைகள்

கோவைக்கு இரண்டு பேர் செய்த சீனரியை ஒரே நேரத்தில் போட்டுவிடுவது சகஜம். ஒன்று எப்போதோ போட்டு மறந்தது. டெர்மினல் இரண்டு தெரியும், ஒன்றுக்குள் ஒன்று புதைந்து நிற்கும், டாக்ஸிவேயில் திடீர் மேடு, ஓடுபாதை முனையில் அரை ஆள் உயரப் பள்ளம். தரையின் உயரத்தை இரண்டும் ஆளுக்கொரு விதமாகத் திருத்துவதால் வருவது. ஒன்றை எடுத்தால் சரியாகிவிடும். எடுத்த பிறகும் பழைய படமே தெரிந்தால், செட்டிங்ஸில் டேட்டா பக்கத்தில் ரோலிங் கேஷை (சேமித்துவைத்த பழைய காட்சித் தரவு) அழித்துவிட்டு சிமுலேட்டரை மறுபடி திறங்கள்.

விமானங்களின் சேட்டைகள்

காக்பிட்டில் திரைகள் எல்லாம் கறுப்பாக இருக்கின்றன என்று பதறும் முன் பேட்டரி சுவிட்சைப் பாருங்கள். பார்க்கிங்கில் தொடங்கினால் பெரும்பாலான விமானங்கள் எல்லாம் அணைந்த நிலையில்தான் நிற்கும். சிரிப்பதற்கில்லை, நிறையப் பேர் இதில் மாட்டுகிறார்கள். ஓடுபாதையில் தொடங்கிப் பாருங்கள். அங்கே திரைகள் எரிந்தால் விமானத்தில் பழுதில்லை.

பெரிய ஜெட் ஆட்ஆன்கள் பலவற்றில் வாஸ்ம் என்ற வகை நிரல் இருக்கிறது. சிமுலேட்டர் அப்டேட் ஆன பிறகு முதல்முறை ஏற்றும்போது அதை உங்கள் கணினிக்கு ஏற்ப மறுபடி தொகுக்கும். லோடிங் நின்றுபோன மாதிரி பல நிமிடம் தெரியும். டாஸ்க் மேனேஜரில் புராசஸர் வேலை செய்துகொண்டிருந்தால் காத்திருங்கள். நடுவில் மூடினால் அரைகுறையாக நின்றுபோகும். விமானம் விசித்திரமாக நடந்துகொண்டால், அதன் வொர்க் ஃபோல்டரை அழிப்பது பழைய நினைவுகளைத் துடைப்பதற்குச் சமம். ஆனால் நீங்கள் செய்துவைத்த செட்டிங்ஸும் அதோடு போய்விடக் கூடும். டெஸ்க்டாப்புக்கு ஒரு பிரதி எடுத்துவிட்டு அழியுங்கள்.

ஃப்ளைபைவயர் குழுவின் இலவச ஏ320-ஐப் போட்டவர்கள் கேட்கும் கேள்வி, திராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லிவர்) ஏற்றினாலும் இன்ஜின் ஏன் சொன்னபடி கேட்கவில்லை என்பது. ஏர்பஸ் திராட்டில் படிப்படியாக நிற்கும்: முழு ரிவர்ஸ், ரிவர்ஸ் ஐடில், ஐடில், கிளைம்ப், ஃப்ளெக்ஸ், டோகா. உங்கள் கையில் இருக்கும் ஜாய்ஸ்டிக்கின் எந்த இடம் எந்தப் படி என்று விமானத்துக்குத் தெரியாது. விமானி ஜன்னலோரம் இருக்கும் டேப்லெட்டின் செட்டிங்ஸில் திராட்டில் கேலிப்ரேஷனைத் திறந்து, ஒவ்வொரு படியிலும் லிவரை நிறுத்திப் பதிவு செய்யுங்கள். ரிவர்ஸ் இல்லாத சாதாரண ஜாய்ஸ்டிக் என்றால் அதை அங்கேயே சொல்லிவிடலாம். படிகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விடாவிட்டால், லிவர் லேசாக நடுங்கும்போதெல்லாம் இன்ஜின் விசையைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் ஆட்டோதிரஸ்ட் விலகிக்கொள்ளும்.

ஸ்டிக்கைத் தொடாமலே விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் விமானத்தைக் குறை சொல்ல வேண்டாம். கேம்பேட், ஜாய்ஸ்டிக், திராட்டில் என்று எத்தனை செருகினாலும் ஒவ்வொன்றுக்கும் சிமுலேட்டர் தானாக ஒரு புரொஃபைல் போட்டுவிடும். இரண்டு சாதனங்கள் ஒரே அச்சைப் பிடித்து இழுத்தால் இப்படித்தான். கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு சாதனமாகத் திறந்து, வேண்டாத அச்சை நீக்குங்கள்.

ரூட்டைப் போட்டதும் பெயர் தெரியாத புள்ளி என்று எஃப்எம்எஸ் (விமானத்தின் வழிகாட்டிக் கணினி) மறுத்தால், அது பழுதே இல்லை. உலகெங்கும் வான்வழித் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது. அந்தச் சுற்றுக்கு ஐராக் என்று பெயர். ரூட் போட்ட கருவி ஒரு சுற்றிலும் விமானம் வேறொரு சுற்றிலும் இருந்தால் புள்ளிகளின் பெயர் ஒத்துவராது. இரண்டையும் ஒரே சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். பழைய சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

கூடவே ஓடும் நிரல்கள்

சிமுலேட்டருக்கு வெளியே தனியாக ஓடி உள்ளே பேசும் நிரல்கள் சில. எஃப்எஸ்யுஐபிசி அந்த ரகம். வாட்சிம் என்ற வலையமைப்பில் ஆன்லைன் பறப்புக்கு வைத்திருக்கும் விபைலட்டும் அப்படியே. இவற்றில் சில சிமுலேட்டரோடு தானாகத் திறக்க, இஎக்ஸ்இ.எக்ஸ்எம்எல் என்ற ஒரே ஃபைலில் தங்கள் வரியை எழுதிவைக்கின்றன. ஒரு இன்ஸ்டாலர் அதை அரைகுறையாக எழுதி ஒரு டேகை மூடாமல் விட்டால், அதன் நிரல் மட்டுமல்ல, எல்லாமே திறக்காமல் போகும். முந்தாநாள் வரை தானாகத் திறந்த மூன்று நிரல்கள் ஒரே நாளில் நின்றால் இந்த ஃபைல்தான். பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த நிரல்களின் இன்ஸ்டாலர்களை ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டினால் புதிதாக எழுதிக்கொள்ளும். நிரல் திறந்தும் சிமுலேட்டரோடு பேசவில்லை என்றால், ஒன்றை அட்மினிஸ்ட்ரேட்டராகவும் மற்றொன்றைச் சாதாரணமாகவும் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டும் ஒரே தகுதியில் ஓட வேண்டும்.

எக்ஸ்-பிளேன் வைத்திருப்பவர்களுக்கு

கொடுத்துவைத்தவர்கள். என்ன ஆனது என்று எக்ஸ்-பிளேன் தானே எழுதி வைக்கிறது: அதன் மெயின் ஃபோல்டரில் லாக்.டிஎக்ஸ்டி. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பழையதை அழித்துப் புதிதாக எழுதும். கிராஷ் ஆனதும் அவசரமாக மறுபடி திறந்தால் சாட்சி போய்விட்டது. முதலில் அந்த ஃபைலை டெஸ்க்டாப்புக்கு ஒரு பிரதி எடுங்கள்.

கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஒரு பிளக்இன் (எக்ஸ்-பிளேனுக்குள் ஓடும் துணை நிரல்) காரணமாக விழுந்திருந்தால், இன்ன பிளக்இன்னால் கிராஷ் ஆனது என்று பெயரோடு கடைசிப் பகுதியில் எழுதியிருக்கும். பிளக்இன் ஏறவில்லை என்பதோடு 126 என்ற எண் வந்தால், அதற்கு வேண்டிய வேறொரு டிஎல்எல் கணினியில் இல்லை. பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைப் போட்டால் தீரும். ஏதோ ஒரு ரிசோர்ஸைக் காணோம் என்ற வரி வந்தால், சீனரிக்கு வேண்டிய லைப்ரரியை நீங்கள் இறக்கவில்லை. ஓப்பன்சீனரிஎக்ஸ் அப்படிப் பலரும் நம்பியிருக்கும் ஒரு லைப்ரரி.

கஸ்டம் சீனரி ஃபோல்டரில் சீனரி பேக்ஸ்.ஐஎன்ஐ என்ற ஃபைலில் வரிசை இருக்கிறது. மேலே இருப்பதற்கு முன்னுரிமை. விமான நிலையங்கள் மேலே, அவற்றுக்குக் கீழே ஓவர்லே (தரை மேல் வைக்கும் சாலை, கட்டடம்), அதற்கும் கீழே ஆர்த்தோ படங்கள் (வானிலிருந்து எடுத்த தரைப் படங்கள்), எல்லாவற்றுக்கும் அடியில் மெஷ் (தரையின் மேடுபள்ள வடிவம்). மெஷ் மேலே ஏறிவிட்டால் கீழே இருக்கும் எதுவும் தெரியாது. இந்த ஃபைலை அழித்தால் எக்ஸ்-பிளேன் அகரவரிசையில் புதிதாக எழுதும். அந்த வரிசை உங்களுக்குச் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

பிளக்இன்களைச் சோதிக்க ரிசோர்சஸுக்குள் இருக்கும் பிளக்இன்ஸ் ஃபோல்டரைக் காலி செய்யும்போது, பிளக்இன் அட்மினையும் எக்ஸ்பிஎல்எம், எக்ஸ்பிவிட்ஜெட்ஸ் என்று தொடங்கும் ஃபைல்களையும் விட்டுவையுங்கள். அவை சிமுலேட்டரின் சொந்தச் சொத்து. எக்ஸ்-பிளேனை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைப்பதும் தொல்லை. எழுத அனுமதி இல்லாமல் ஆட்ஆன்கள் திணறும். டி டிரைவில் தனி ஃபோல்டர் போதும்.

விண்டோஸின் சாட்சி

எக்ஸ்-பிளேன் இல்லாதவர்களுக்கு விண்டோஸோடு வரும் ஈவன்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸில் அப்ளிகேஷன் பகுதி, கிராஷ் ஆன நிமிடத்தில் சிவப்புக் குறியோடு ஈவன்ட் எண் 1000. அதில் ஃபால்ட்டிங் மாட்யூல் என்ற வரியைப் பாருங்கள். என்வி என்று தொடங்கினால் என்விடியா டிரைவர். ஒரு ஆட்ஆனின் பெயரில் டிஎல்எல் இருந்தால் வேலை சுலபம். சிமுலேட்டரின் பெயரே இருந்தால் அது எதையும் நிரூபிக்காது. ஆட்ஆன் கொடுத்த கெட்ட தரவைத் தின்றுவிட்டு விழுந்ததும் அப்படித்தான் தெரியும். எக்ஸெப்ஷன் கோடைத் தேடிப் பார்த்து நேரத்தை வீணாக்குபவர்கள் அதிகம். சி-யில் தொடங்கி 5-இல் முடியும் அந்தப் பிரபல எண்ணுக்கு, தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டது என்று மட்டுமே பொருள். யார் தொட்டது என்று அது சொல்லாது.

கரண்ட், பஞ்சு, வெயில்

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் வோல்டேஜ் ஏறி இறங்குவது புதிதில்லை. 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி சிமுலேட்டர் ஓடும்போது அதைத் தாண்டிவிடுவதால், கரண்ட் போன நொடியே யுபிஎஸ்ஸும் சேர்ந்து போகும். 1,100 விஏ அளவிலாவது வாங்குங்கள். வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதில் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். நார்மல் மோடில் மாறும் வேகம் கணினிக்குப் போதாமல் ரீஸ்டார்ட் ஆகும். அப்டேட் இறங்கும் நடுவில் கரண்ட் போனால் ஆட்ஆனின் ஃபைல் பாதியில் நின்றிருக்கும். சரிபார்க்கும் வசதி இருந்தால் அதை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு ஆட்ஆனை மட்டும் மறுபடி போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளில் பெரிய டவுன்லோடைத் தொடங்காதீர்கள்.

திருப்பூர், பல்லடம் வீடுகளில் கணினியைத் திறந்தால் தூசி மட்டும் இருக்காது, பஞ்சு இருக்கும். ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே அது மெத்தை மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் நன்றாகச் சுற்றுவது போலவே தெரியும். ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் வெயிலோடு இதுவும் சேர்ந்தால், ஆட்ஆனைக் குற்றம் சொல்வதற்கு முன் கேபினட்டைத் திறந்து சுத்தம் செய்வது நியாயம். மெல்லிய பிரஷ், ஊதும் பிளோயர். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜாய்ஸ்டிக் நடுவானில் செத்துப்போய் மறுபடி உயிர் பெறுகிறதா? பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட செட்டிங்ஸுக்குள் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பையும் திறந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுங்கள். பிறகும் தொடர்ந்தால், விலை குறைந்த யுஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியின் பின்பக்கத்தில் செருகுங்கள்.

உதவி கேட்கும்போது

"அண்ணா, சிம் ஓட மாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்று எழுதினால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. இப்படி எழுதுங்கள்: 2020 பதிப்பு, ஸ்டீமில் வாங்கியது, பதிப்பு எண் இது. விண்டோஸ் 11, கிராஃபிக்ஸ் கார்டு இது, டிரைவர் எண் இது. ஆட்ஆனின் பெயர், அதன் பதிப்பு. கோவையில் ஓடுபாதை 05-இல் தொடங்கினால் லோடிங் முடிவதற்குள் விழுகிறது, சேலத்தில் தொடங்கினால் விழவில்லை. சேஃப் மோடில் விழவில்லை. கம்யூனிட்டியில் இந்த ஆட்ஆன் மட்டும் இருக்கும்போதும் விழுகிறது. ஈவன்ட் வியூவரில் மாட்யூல் பெயர் இது.

திரையை மொபைலில் படம் பிடித்து அனுப்புவதைவிட லாக் ஃபைலையே இணையுங்கள். அனுப்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்: முகவரிகளில் உங்கள் விண்டோஸ் கணக்கின் பெயர் இருக்கும். வேண்டாம் என்றால் நோட்பேடில் ரீப்ளேஸ் கொடுத்து மாற்றிவிட்டு அனுப்பலாம்.